ஹெரால்டு எந்த ஊரு கார்? பழவேற்காட்டு கைலியைக் கேட்டா பதில் கிடைக்கும்!

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ போனா பழவேற்காடு. ஃபிளமிங்கோ போட்டோவுக்காகவோ, இறால் வறுவலுக்காகவோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் போயிருக்கலாம். ஏரியைச் சுத்தி இருக்கிற மீனவ கிராமங்களோட பெயர்களைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரு ஊர் கோட்டைக்குப்பம். இந்தப் பக்கம்தான் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. இன்னொரு ஊர் லைட்ஹவுஸ் குப்பம். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஆனா அந்த ஊர்க்காரர்களுக்கு அது அவங்க ஊர், அவ்வளவுதான்.

இந்த ஊர்ல இருந்து கப்பல் ஏறின கட்டம் போட்ட துணிக்கு மலேசியாவுல இன்னிக்கும் 'கைன் பெலிகாட்'னுதான் பேர். கைன் என்றால் துணி. பெலிகாட் என்றால் நம்ம பழவேற்காடு. நெய்தது நம்ம ஆளுங்க, ஏத்திக்கிட்டுப் போனது டச்சுக்காரர்கள், உடுத்தினது மலாய்க்காரர்கள். அப்போ அந்த கைலி எந்த நாட்டுத் துணி?

இதே கேள்வியை ஒரு காரைப் பார்த்துக் கேட்போம். 'இந்தியாவில் தயாரானது', 'ஜப்பான் குவாலிட்டி', 'ஜெர்மன் இன்ஜினீயரிங்'னு விளம்பரங்கள்ல ஒரே ஒரு நாட்டோட பேரை ஒட்டி விடறாங்க இல்லையா? அது எவ்வளவு தூரம் உண்மை? நம்ம மெட்ராஸ்லயே பிறந்த ஒரு குட்டி காரை வெச்சே பார்த்துடலாம்.

எண்ணூருக்குப் பெட்டியில் வந்த கார்

பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே கடலோரத்தில் இருக்கிறது எண்ணூர். இன்னிக்கு அசோக் லேலண்ட் என்றால் பஸ்ஸும் லாரியும்தான் ஞாபகம் வரும். ஆனா 1948-ல் அந்த நிறுவனம் தொடங்கினப்போ அதன் பேர் அசோக் மோட்டார்ஸ். முதலில் செய்த வேலை, ஆஸ்டின் ஏ40 என்ற இங்கிலாந்து குட்டி காரைப் பூட்டி விற்பது.

'பூட்டுவது' என்றுதான் சொல்லணும். இங்கிலாந்தில் காரைப் பாகம் பாகமாகப் பெட்டியில் அடுக்கி கப்பலில் அனுப்புவாங்க. இங்கே திறந்து, பொருத்தி, பெயின்ட் அடிச்சு ரோட்டில் விடுவாங்க. முழு காரை இறக்குமதி செய்வதைவிட வரி குறைவு, இடமும் மிச்சம்.

சரி, அந்த ஆஸ்டினாவது சுத்தமான இங்கிலாந்து காரா? ஆஸ்டின் நிறுவனத்தில் கார்களுக்கு உருவம் கொடுத்த ரிக்கார்டோ புர்ஸி அர்ஜென்டினாவில் பிறந்தவர். இத்தாலியின் லான்சியா நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். எண்ணூருக்குப் பெட்டி வந்து சேர்றதுக்கு முன்னாடியே அந்தக் கதையில் மூணு நாடு இருக்கு!

அப்புறம் 1953-ல் இந்திய அரசு ஒரு கறாரான முடிவெடுத்தது. 'பெட்டியைப் பிரிச்சுப் பூட்டுறது மட்டும் போதாது. படிப்படியா பாகங்களை இங்கேயே தயாரிக்கிற திட்டம் இருந்தா இருங்க, இல்லைன்னா கிளம்புங்க.' அதுவரை இங்கே கார் பூட்டிக்கொண்டிருந்த அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பின. எண்ணூர் நிறுவனம் இங்கிலாந்தின் லேலண்டுடன் கைகோத்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, கனரக வண்டிகளின் பக்கம் போய்விட்டது. மெட்ராஸில் கார் என்ற களம் இன்னொரு நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதுதான் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா.

ஹெரால்டின் ஜாதகம்

தாத்தா காலத்து ஆல்பத்தில் ஒரு குட்டி கார், கோணலாகச் செதுக்கின மாதிரி முகத்தோட நிக்குதா? அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1961-ல் இருந்து மெட்ராஸில் தயாரான கார் இது. இதோட ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டுவோம்.

முதல் கட்டம், ஜெர்மனி. இங்கிலாந்தில் இந்த காரோட பேர் 'டிரையம்ஃப் ஹெரால்டு'. அந்த டிரையம்ஃப் நிறுவனத்தை 19-ம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியவர் சீக்ஃப்ரீட் பெட்மன். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் பிறந்தவர். இங்கிலாந்து போய் சைக்கிள் வியாபாரம் தொடங்கி, கோவென்ட்ரி நகரத்துக்கே மேயர் ஆனவர்.

இரண்டாவது கட்டம், இங்கிலாந்து. அதே கோவென்ட்ரியில் 1903-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1944-ல் டிரையம்ஃபை வாங்கியது. 1950-களின் இறுதியில் ஒரு புது குட்டி கார் தேவைப்பட்டது. தலைமை இன்ஜினீயர் ஹாரி வெப்ஸ்டர் இயந்திரப் பக்கத்தைக் கவனித்தார். உருவம் மட்டும் பிடிபடவே இல்லை.

மூன்றாவது கட்டம், இத்தாலி. டூரின் நகரத்தில் இருந்த ஜியோவானி மிக்கெலாட்டி என்ற வடிவமைப்பாளரிடம் போனாங்க. நீங்க போட்டோவில் பார்க்கிற அந்த மூஞ்சி, அந்தக் கூரை, அந்த பின்பக்க விளிம்பு எல்லாம் அவர் கைவண்ணம்.

நான்காவது கட்டம்தான் செம. இந்த காருக்கு கம்பெனிக்குள் வெச்சிருந்த ரகசியப் பேர் 'ஸோபோ'. இமயமலைப் பக்கம் மூட்டை சுமக்கிற ஒரு விலங்கு அது. யாக் எருமைக்கும் மாட்டுக்கும் பிறந்த கலப்பினம்! எந்த நினைப்பில் வெச்சாங்களோ, பேர் அவ்வளவு பொருத்தம்.

1959 ஏப்ரலில் லண்டனில் கார் வெளியானது. இங்கே ஒரு டெக்னிக்கல் விஷயத்தைக் கவனிக்கணும். அந்தக் காலத்து புது கார்கள் பெரும்பாலும் ஒரே கூடாக வர ஆரம்பிச்சிருந்தன. அதாவது அடிச்சட்டமும் உடம்பும் ஒண்ணா வார்த்த மாதிரி இருக்கும். ஸ்டாண்டர்டுக்கு உடம்பு செய்து தந்த நிறுவனத்தைப் போட்டி கம்பெனி வாங்கிவிட்டதால் அவங்களால் அப்படிச் செய்ய முடியலை. அதனால் பழைய முறைக்கே போனாங்க. கீழே தனியா ஒரு சேஸிஸ், மேலே வேற வேற இடத்தில் செய்த துண்டுகளைக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கின உடம்பு.

கட்டாயத்தில் எடுத்த முடிவு இது. ஆனா கப்பலில் அனுப்ப இதைவிட வசதியான கார் இல்லை. துண்டு துண்டாகக் கழற்றலாம், எந்த நாட்டிலும் பூட்டலாம். முன்பக்க பானட் முழுசா முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேல உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். நம்ம தெருக்களுக்கு வேற என்ன வேணும்?

மெட்ராஸ் சேர்த்த இரண்டு கதவு

ஐந்தாவது கட்டத்துக்கு வந்துட்டோம். அது நம்ம ஊர்.

இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போகணும்னா முன் சீட்டை மடக்கி, குனிஞ்சு, நுழையணும். கல்யாணத்துக்குப் போகிற ஒரு மெட்ராஸ் குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. பட்டுப்புடவை, பாட்டி, சீர்த்தட்டு, மடியில் இரண்டு வாண்டுகள். இரண்டு கதவு எப்படிச் சரிப்படும்?

1960-களின் இறுதியில் மெட்ராஸ் தொழிற்சாலை நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டு வந்தது. கோவென்ட்ரியில் அப்படி ஒரு மாடலே கிடையாது. இந்தியாவுக்காக மட்டும் உருவான கார் அது.

அடுத்து பின் சக்கரம். ஹெரால்டின் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக மேலே கீழே அசையும். நல்ல ரோட்டில் அது சொகுசு. பாரம் ஏற்றி, குண்டும் குழியுமான ரோட்டில் போனால் சக்கரம் சாய்ந்து நிற்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். வேகமான வளைவில் பின்பக்கம் பிடி விடும் ஆபத்தும் உண்டு. நம்ம டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் 'ஸ்டாண்டர்ட் கஸல்' என்ற பேரில் வந்த அடுத்த மாடலில், இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இணைத்த முறைக்கு மாற்றிவிட்டாங்க.

இங்கிலாந்தில் ஹெரால்டு 1971-ல் நின்றுபோனது. மெட்ராஸின் கஸல் 1977 வரை ஓடியது. அதாவது ஜெர்மன்காரர் தொடங்கிய நிறுவனத்தின் பேரில், இங்கிலாந்து இன்ஜினீயர் செய்து, இத்தாலிக்காரர் வரைந்த ஒரு கார் வம்சத்தின் கடைசி வாரிசு பிறந்தது மெட்ராஸில்!

பேர் விஷயத்திலும் இதே கூத்துதான். இங்கிலாந்தில் 'ஸ்டாண்டர்ட்' என்றால் 'சுமார் ரகம்' என்ற அர்த்தம் வந்துவிட்டதால் 1963-லேயே அந்தப் பேரைக் கைவிட்டாங்க. நம்ம ஊரில்? 'ஸ்டாண்டர்டான பொருள்'னு சொன்னா இன்னிக்கும் பாராட்டுதானே! அந்தப் பேர் மெட்ராஸ் கார்களின் மேல் இன்னும் 25 வருஷம் வாழ்ந்தது.

ஹெரால்டு மட்டுமா?

'மத்த கார்கள் சுத்தமா நம்மளோடது'னு நினைக்கிறீங்களா? ஒரு ரவுண்ட் பார்த்துடலாம்.

அம்பாசடர்: கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் தயாரான 'இந்தியாவின் கார்'. அசல், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு.

பிரீமியர் பத்மினி: மும்பை டாக்ஸியின் அடையாளம். அசல், இத்தாலியின் ஃபியட் 1100.

மாருதி 800: 1983 டிசம்பரில் வந்து நடுத்தரக் குடும்பத்தின் முதல் கார் ஆனது. அசல், ஜப்பானின் சுஸூகி.

டாடா இண்டிகா: 1998-ல் 'முழுக்க இந்திய கார்' என்ற பெருமையோடு வந்தது. அதன் உருவத்துக்கு உதவியது இத்தாலியின் டூரினில் இருந்த ஒரு வடிவமைப்பு நிறுவனம். அதாவது, ஹெரால்டுக்கு மூஞ்சி வந்த அதே ஊர்!

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழவேற்காட்டுக் கரையில் நிற்கிற ஃபைபர் போட்டும் இப்படித்தான். கட்டுமரம் என்ற தமிழ் வார்த்தையை இங்கிலீஷ்காரன் 'கேட்டமரான்' ஆக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனான். பதிலுக்கு, 1979-ல் தொடங்கி மெட்ராஸைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடா திட்டம், அலையில் இறங்கி மணலில் ஏறும் ஃபைபர் படகுகளை வெளிநாட்டு வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து நம்ம கடற்கரையில் சோதித்துப் பார்த்தது. இன்னிக்கு ஃபைபர் போட்டை யாராவது 'வெளிநாட்டுப் படகு'னு சொல்றாங்களா? உடைஞ்சா ஒட்டத் தெரியும், இன்ஜின் நின்னா கழட்டி மாட்டத் தெரியும். அதனால அது அவங்க படகு.

அப்போ ஏன் செத்துப்போச்சு?

கதவு சேர்த்தோம், அச்சை மாத்தினோம். அப்புறம் ஏன் ஸ்டாண்டர்ட் பிழைக்கவில்லை? இதுக்குப் பதில் இன்ஜினில் இருக்கு.

ஹெரால்டில் வந்த 948 சிசி இன்ஜின்தான் கடைசி கஸலிலும் இருந்தது. இங்கிலாந்து ஹெரால்டு அதற்குள் 1,300 சிசி வரை போயிருந்தது. லைசென்ஸ் ராஜ் காலத்தில் எத்தனை கார் செய்யலாம், எதை இறக்குமதி செய்யலாம் என்பதெல்லாம் டெல்லியின் அனுமதி. போட்டி குறைவு, முதலீடும் குறைவு. 1985-ல் கம்பெனி ஒரு பெரிய ஆட்டம் ஆடிப் பார்த்தது. இங்கிலாந்தின் ரோவர் சொகுசு காரின் உடம்பை வாங்கி 'ஸ்டாண்டர்ட் 2000' என்று விட்டது. உள்ளே இருந்ததோ 1940-களின் வான்கார்டு காரில் இருந்து வந்த பழைய 2 லிட்டர் இன்ஜின். மேலே புதுமாப்பிள்ளை, உள்ளே தாத்தா! பெட்ரோல் குடித்தது, வேகம் இல்லை, விலை அதிகம். 1988-ல் உற்பத்தி நின்றது. பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி ரோட்டோரம் இருந்த அந்த இடத்தில் இன்று ஐடி பூங்கா. உங்க ஃபிரெண்ட் யாராவது அங்கே வேலை பார்க்கலாம்.

இப்போ எண்ணூருக்குப் பெட்டியில் வந்த அந்த ஆஸ்டின் ஏ40-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. 1952-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அதே ஆஸ்டினோடு ஒப்பந்தம் போட்டு, அதே ஏ40 வரிசைக் காரைப் பெட்டியில் வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு பாகமாக உள்ளூரிலேயே செய்யப் பழகியது. இன்ஜின் செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு, 1960 வாக்கில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு சொந்தக் காலில் நடந்தது. அந்த நிறுவனத்தின் பேர் நிஸான்.

ஒரே ஆஸ்டின் பெட்டி, இரண்டு கடற்கரை. எந்த நாட்டில் இருந்து வந்தது என்பது இரண்டு பேருக்கும் ஒண்ணுதான். வந்த பிறகு என்ன கற்றுக்கொண்டோம், கற்றதை வெச்சு அடுத்ததைச் செய்ய யார் விட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். மெட்ராஸ் கதவு வரைக்கும் கற்றது. ஜப்பான் இன்ஜின் வரைக்கும் கற்றது.

கப்பல் திரும்பிய திசை

2010. சென்னையை அடுத்த ஒரகடத்தில் நிஸானும் பிரான்ஸின் ரெனோவும் சேர்ந்து தொழிற்சாலை திறந்தன. அங்கே தயாரான நிஸான் மைக்ரா என்ற குட்டி கார் எண்ணூர் துறைமுகத்தில் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது, இங்கிலாந்துக்கும்தான். இதில் வேடிக்கை என்னன்னா, அதுக்கு முந்தைய மைக்ரா தயாரானது இங்கிலாந்தின் சண்டர்லேண்டில். இங்கிலாந்து பெட்டிகள் வந்து இறங்கிய எண்ணூரில் இருந்தே, இங்கிலாந்துக்கு கார் போனது!

பெருமையான விஷயம்தான். ஆனா இங்கே கொஞ்சம் வடக்கே திரும்பிப் பாருங்க.

எண்ணூர் துறைமுகம் 2001-ல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி துறைமுகம் வந்தது. அதை இன்னும் பெரிதாக்கும் திட்டத்தை பழவேற்காட்டைச் சுற்றியுள்ள மீனவ கிராமங்கள் பல வருஷமாக எதிர்க்கின்றன. அவங்க பயம் எளிமையானது. இந்தக் கடலோரத்தில் மணல் எப்போதும் அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். கடலுக்குள் கல்லைக் கொட்டி ஒரு சுவர் எழுப்பினால், ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை கரையும். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருப்பதோ ஒல்லியான மணல் திட்டு. இறாலும் மீனும் ஏரிக்குள் வந்து போகிற முகத்துவாரம் ஏற்கெனவே மணல் மூடித் தொந்தரவு தருகிற ஒன்று.

இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒரே ஆளுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு. ஒரு குட்டி காரை உலகம் பங்கு போட்டுச் செய்கிறதே, அதில் இந்தக் கரைக்கு என்ன பாடு கிடைத்தது என்று அந்த மக்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதானே? வரைந்தவருக்குப் பேர், செய்தவருக்குச் சம்பளம், விற்றவருக்கு லாபம். கப்பல் நிற்கிற கரைக்கு?

பழவேற்காட்டுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. 17-ம் நூற்றாண்டில் டச்சுக் கப்பல்கள் இங்கிருந்து கட்டம் போட்ட துணியை மட்டும் ஏற்றவில்லை. பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய மனிதர்களை அடிமைகளாக பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிப் போனதும் இதே கரையில் இருந்துதான். துணியின் பேர் மலேசியாவில் நிலைத்துவிட்டது. அந்த மனிதர்களின் பேர் நிலைக்கவில்லை.

அடுத்த தடவை கார் பார்க்கும்போது...

ஷோரூமுக்குப் போறீங்களோ, யூடியூபில் ரிவ்யூ பார்க்கறீங்களோ, 'இது எந்த நாட்டு கார்?' என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்காதீங்க. வரைந்தது யார்? இன்ஜின் எங்கே பிறந்தது? பூட்டுவது எந்த ஊரில்? கெட்டுப்போனா நம்ம தெரு மெக்கானிக்கால் திறந்து பார்க்க முடியுமா, இல்லை கம்பெனி லேப்டாப் வந்தாத்தான் ஆகுமா? கப்பல் ஏறுவது யாருடைய கரையில்?

இப்போ வருகிற எலெக்ட்ரிக் கார்களுக்கு இந்தக் கேள்விகள் இன்னும் அதிகமாகவே பொருந்தும். பேட்டரிக்குள் இருக்கிற செல் எங்கே செய்யப்படுகிறது என்பதுதான் இந்தக் காலத்தின் 'இன்ஜின் வரைக்கும் கற்றோமா, கதவு வரைக்கும்தானா?' என்ற கேள்வி. பெட்டியில் வந்து இறங்கும் செல்லை மாட்டிவிட்டு 'நம்ம கார்'னு சந்தோஷப்பட்டா, 1949-ல் எண்ணூரில் பெட்டியைத் திறந்த இடத்தில்தான் இன்னும் நிற்கிறோம் என்று அர்த்தம்.

ஹெரால்டு எந்த ஊரு கார் என்று யாராவது கேட்டா, தைரியமா மெட்ராஸ்னு சொல்லுங்க. பின்பக்க இரண்டு கதவையும் திறந்து காட்டுங்க. அந்தக் கதவுகள் வேற எந்த ஊர் ஹெரால்டிலும் கிடையாது.